ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: ஹெட்ஃபோனா? பெருக்கியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடும் ஒன்றன்று. கடைத்தெருவில் ஒரு பொருளை வாங்க நிற்கும்போதும் அது நமக்குக் கைகொடுக்க வேண்டும். நாம் படித்த ஓம் விதியும், புரட்டிப் புரட்டி ஓரம் கிழிந்த மடக்கை அட்டவணையும், கையிலிருக்கும் மூவாயிரம் ரூபாயை எவ்வாறு செலவிடுவது என்ற வினாவுக்கு விடை கூறுமா? கூறும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று கைபேசி இல்லாத மாணவரைக் காண்பது அரிது. திரைப்பாடல் கேட்பதற்கு மட்டுமன்றி, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்பதற்கும் அது பயன்படுகிறது. நால்வர் தங்கும் விடுதி அறையில் ஒருவர் கேட்பது மற்றவருக்கு இடையூறாகக் கூடாது. ஆகவே ஹெட்ஃபோன் இன்றியமையாததாகிறது. வாங்கிய ஹெட்ஃபோனில் ஒலி போதவில்லை எனில், "ஒரு பெருக்கி வாங்கி இடையில் மாட்டு" என்பார் ஒருவர். "பெருக்கியாவது ஒன்றாவது, பையில் வைத்துச் செல்லும் சின்ன ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கு" என்பார் மற்றொருவர். இருவரும் தம் அனுபவத்தைச் சொல்கிறார்களே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை.

எனக்கும் இவ்வினா எழுந்தது. படிப்பை முடித்துச் சென்ற அறைத்தோழரான அண்ணன் ஒருவர், ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை எனக்கு அன்பளிப்பாக விட்டுச் சென்றார். அது 250 ஓம் வகை. என் கைபேசியில் அதை மாட்டினால், முழு ஒலியளவில் வைத்தாலும் வீணைக் கச்சேரி பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல் மெலிந்து ஒலித்தது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த ரூபாய் 3,000 என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நான்தான் முதல்வன். இத்தகைய பொருள்களைப் பற்றிக் கேட்டறிய வீட்டில் ஆள் இல்லை. தவறாக வாங்கிவிட்டு மறுபடி வாங்கவும் வழியில்லை. எனவே கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது என்று துணிந்தேன். அக்கணக்கை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

ஹெட்ஃபோன் இயங்கும் விதம்

பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் இயங்குசுருள் வகையைச் சேர்ந்தவை. நிலைக்காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருள் மெல்லிய சவ்வு ஒன்றோடு ஒட்டப்பட்டுள்ளது. சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, காந்தப்புலத்திலுள்ள கடத்தியின் மேல் செயல்படும் விசையினால் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சவ்வு காற்றை அசைக்கிறது. செவி அதை ஒலியாக உணர்கிறது. ஒலிபெருக்கியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வேறுபாடு யாதெனில், ஒலிபெருக்கி ஓர் அறையிலுள்ள காற்று முழுவதையும் அசைக்க வேண்டும். ஹெட்ஃபோனோ செவிக்கு முன்னுள்ள சிறிதளவு காற்றை அசைத்தால் போதும். ஆகவே ஒலிபெருக்கிக்கு வாட் கணக்கில் தேவைப்படும் திறன், ஹெட்ஃபோனுக்கு மில்லிவாட் கணக்கில் போதுமானதாகிறது. இந்த அடிப்படையை மறவாதிருந்தால், "ஆயிரம் வாட்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பவரிடம் நாம் ஏமாற மாட்டோம்.

ஓம் அளவு ஏன் வேறுபடுகிறது?

கடையில் 16 ஓம், 32 ஓம், 60 ஓம், 250 ஓம், 300 ஓம், 600 ஓம் எனப் பலவகை ஹெட்ஃபோன்கள் உள்ளன. இவ்வேறுபாட்டின் காரணம் வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910ஆம் ஆண்டில் தாம் செய்த ஹெட்ஃபோனை அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். அக்காலத்துப் படிக வானொலிப் பெட்டிகளில் மின்கலமும் கிடையாது, பெருக்கியும் கிடையாது. வான்கம்பியில் கிடைக்கும் மிகச் சிறிய ஆற்றலையே ஒலியாக்க வேண்டும். அதற்காக மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினர். 2,000 ஓம் ஹெட்ஃபோன்கள் அன்று வழக்கமாயிருந்தன. 1937இல் ஜெர்மனியின் பெயர் நிறுவனம் டிடி 48 என்ற இயங்குசுருள் ஹெட்ஃபோனை வெளியிட்டது. 1958இல் அமெரிக்கரான ஜான் காஸ் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்ஃபோனை அறிமுகம் செய்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் மின்வசதிக்குக் குறைவில்லை. பெருக்கிகளும் போதிய மின்னழுத்தம் தந்தன. ஒரே வெளியீட்டில் பல ஹெட்ஃபோன்களைப் பக்க இணைப்பில் மாட்ட வேண்டிய தேவையும் இருந்தது. உயர் மின்னெதிர்ப்புள்ள ஹெட்ஃபோன்கள் அங்கே பொருத்தமாயிருந்தன.

1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. இரண்டு சிறு மின்கலங்கள் தரும் 3 வோல்ட்டில் அது இயங்கியது. மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது போதிய திறனைப் பெற ஒரே வழி மின்தடையைக் குறைப்பதே. ஆகவே கையில் எடுத்துச் செல்லும் ஹெட்ஃபோன்கள் குறைந்த ஓம் அளவுக்கு இறங்கின. 1984இல் காஸ் நிறுவனம் வெளியிட்டு, இன்றும் புகழ் குன்றாத போர்ட்டா புரோ 60 ஓம் கொண்டது. இன்றைய இயர்போன்களில் 16, 32 ஓம்களே பெருவழக்கு. ஆகவே ஓம் எண் கூடுதலாக இருப்பது தரத்தின் அடையாளமன்று; எந்த வகைக் கருவிக்காக அது செய்யப்பட்டது என்பதன் அடையாளமே ஆகும்.

பெட்டியின் மேலுள்ள இரண்டு எண்கள்

ஹெட்ஃபோன் வாங்குவோர் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று மின்னெதிர்ப்பு, இதன் அலகு ஓம். மற்றொன்று உணர்திறன். ஒரு மில்லிவாட் திறனை அளித்தால் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே உணர்திறன்.

டெசிபல் மடக்கை அளவு என்பதை நாம் அறிவோம். திறன் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 கூடும். நூறு மடங்கானால் 20 கூடும். செவிக்கோ 10 டெசிபல் கூடினால்தான் ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். அதாவது, பத்து மடங்கு திறனுள்ள பெருக்கியை வாங்கினாலும் கேட்பவருக்கு இரு மடங்காகவே தோன்றும். பெருக்கி வாங்க நினைப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை என்றும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்றும் அச்சிடுகின்றன. 32 ஓம் ஹெட்ஃபோனில் ஒரு வோல்ட் என்பது ஏறத்தாழ 31 மில்லிவாட். எனவே இரண்டு எண்களுக்கும் 15 டெசிபல் வேறுபாடு இருக்கும். "100 டெசிபல், மில்லிவாட்டுக்கு" என்பதும் "115 டெசிபல், வோல்ட்டுக்கு" என்பதும் 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒன்றே. அலகைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், இரண்டாவதே உரக்க ஒலிக்கும் என்று எண்ணிவிடுவார்.

கணக்கு

இனிக் கணக்கிற்கு வருவோம். கைபேசியின் ஹெட்ஃபோன் துளையில் கிடைக்கும் உச்ச மின்னழுத்தம் பொதுவாக அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை இருக்கும். அரை வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். திறன் = (மின்னழுத்தம்)² ÷ மின்தடை.

முதலில் போர்ட்டா புரோ: 60 ஓம், உணர்திறன் 101 டெசிபல். 0.25ஐ 60ஆல் வகுக்க, 4.17 மில்லிவாட் கிடைக்கிறது. 4.17இன் மடக்கை 0.62, அதைப் பத்தால் பெருக்க 6.2. ஆகவே உச்ச ஒலி 101 + 6.2 = ஏறத்தாழ 107 டெசிபல்.

அடுத்து, பெயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 990 புரோ: 250 ஓம், உணர்திறன் 96 டெசிபல். 0.25ஐ 250ஆல் வகுக்க, சரியாக ஒரு மில்லிவாட். ஆகவே உச்ச ஒலி 96 டெசிபல் மட்டுமே.

நாம் இசை கேட்கும் சராசரி ஒலி 75 டெசிபல் அளவில் இருந்தால் தாராளம். ஆனால் இசையில் சராசரி வேறு, உச்சம் வேறு. மிருதங்கத்தில் விழும் ஓர் அடி, சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை மேலே எழக்கூடும். மெல்லிய ஒலியில் பதிவான கச்சேரிகளில் இந்த இடைவெளி இன்னும் கூடும். ஆகவே 105 முதல் 110 டெசிபல் உச்சம் கையிருப்பில் இருப்பது நல்லது. போர்ட்டா புரோவுக்கு அந்தக் கையிருப்பு கைபேசியிலேயே கிடைக்கிறது. 250 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பதில்லை. அண்ணன் தந்த ஹெட்ஃபோன் வேறொரு நிறுவனத்தினுடையது. எனினும் அதன் எண்களும் இவையே. வீணை மெலிந்து ஒலித்ததன் காரணம் இப்போது விளங்குகிறது.

அந்த ஹெட்ஃபோனில் 110 டெசிபல் உச்சம் வேண்டுமெனில் எவ்வளவு மின்னழுத்தம் தேவை? 96க்கு மேல் 14 டெசிபல் வேண்டும். 14 டெசிபல் என்பது 25 மடங்கு. அதாவது 25 மில்லிவாட். 0.025ஐ 250ஆல் பெருக்கினால் 6.25, அதன் வர்க்கமூலம் 2.5. எனவே 2.5 வோல்ட் தேவை. மின்னோட்டமோ 10 மில்லி ஆம்பியர் மட்டுமே. இங்கே குறை மின்னோட்டத்தில் இல்லை, மின்னழுத்தத்தில் இருக்கிறது.

ஓம் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்.இ.-6 என்பது, கடத்தி பதித்த மெல்லிய தகடு காந்த வரிசைகளுக்கிடையே அதிரும் வகை. அதன் மின்னெதிர்ப்பு 50 ஓம்தான், உணர்திறனோ 83.5 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு 26.5 டெசிபல் கூடுதலாக வேண்டும். ஏறத்தாழ 450 மில்லிவாட். கணக்கிட்டால் 4.7 வோல்ட்டும் 95 மில்லி ஆம்பியரும் வருகின்றன. இங்கே இரண்டுமே அதிகம் வேண்டும். ஆகவே ஓம், உணர்திறன் ஆகிய இரண்டு எண்களையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அளந்தது

நம் கைபேசி எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பதை அறிந்தால்தான் மேற்கண்ட கணக்கு நமக்குப் பயன்படும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் இசைவு பெற்று நான் செய்த முறை வருமாறு.

உச்ச வீச்சுள்ள 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கோப்பாக உருவாக்கிக் கைபேசியில் ஏற்றினேன். 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சாதாரண மல்டிமீட்டரின் மாறுமின் பகுதி, வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டியே சரியாக அளக்கும். ஹெட்ஃபோன் முள்ளோடு கூடிய பழைய கம்பி ஒன்றின் மறுமுனையைச் சீவி, 2 வோல்ட் மாறுமின் அளவுகோல் உள்ள மல்டிமீட்டரில் இணைத்து, கைபேசியின் ஒலியளவை முழுவதும் ஏற்றினேன். ஒலிச் சமன்படுத்தி போன்ற வசதிகளை அணைத்துவிட வேண்டும். மீட்டர் 0.498 வோல்ட் காட்டியது.

அடுத்து, அதே முனைகளுக்குக் குறுக்கே 33 ஓம் மின்தடை ஒன்றை வைத்தேன். மீட்டர் 0.470 வோல்ட்டுக்கு இறங்கியது. இந்தச் சரிவிலிருந்து கைபேசியின் உள்ளே மறைந்திருக்கும் மின்தடையைக் காணலாம்: 33 × (0.498 ÷ 0.470 − 1) = ஏறத்தாழ 2 ஓம். மின்கலத்தின் அகமின்தடையைக் காண நாம் செய்யும் சோதனைதான் இது. இதற்குப் பெயர் வெளியீட்டு மின்னெதிர்ப்பு. மின்தடையை மாட்டியிருக்கும்போது காதில் ஹெட்ஃபோன் இருக்கக் கூடாது. முழு ஒலியில் வரும் சைன் அலை செவிக்குத் தீங்கானது.

வெளியீட்டு மின்னெதிர்ப்பு ஏன் முக்கியம்?

ஹெட்ஃபோனின் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒன்றாயிராது. சவ்வின் ஒத்ததிர்வு நிகழும் இடத்தில் அது உயர்ந்து காணப்படும். ஒரு ஹெட்ஃபோன் பொதுவாக 32 ஓம், ஒத்ததிர்வில் 64 ஓம் என்று கொள்வோம். கருவியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு ஒரு ஓம் எனில், இரண்டு இடங்களிலும் ஒலி வேறுபாடு ஏறத்தாழ 0.13 டெசிபல், செவிக்குப் புலப்படாது. வெளியீட்டு மின்னெதிர்ப்பே 32 ஓம் எனில், முதலிடத்தில் பாதி மின்னழுத்தமும் இரண்டாமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கும் சென்று சேரும், வேறுபாடு 2.5 டெசிபல். தாழ்ந்த சுரங்கள் வீங்கி ஒலிக்கும். இதனால்தான், கருவியின் மின்னெதிர்ப்பு ஹெட்ஃபோனுடையதில் எட்டிலொரு பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்ற நடைமுறை விதி வழங்குகிறது. என் கைபேசியின் 2 ஓமுக்கு, 16 ஓமும் அதற்கு மேற்பட்டதுமான ஹெட்ஃபோன் எதுவும் பொருந்தும். ஆகவே "ஒலித்தரம் கூடும்" என்ற காரணத்துக்காக நான் பெருக்கி வாங்க வேண்டிய தேவை எழவில்லை.

பெருக்கி நீக்க முடியாத குறை

இதுவரை கண்டது அமைதியான அறைக்கான கணக்கு. நாம் கேட்பதோ பெரும்பாலும் பேருந்திலும், விடுதியிலும், மின்விசிறியின் கீழும். ஓடும் பேருந்துக்குள் இரைச்சல் 80 டெசிபல் அளவுக்கு இருக்கிறது என்று கொள்வோம். அண்ணன் தந்தது திறந்த வகை ஹெட்ஃபோன். அதன் பின்புறம் காற்றோட்டமானது. அமைதியான இடத்தில் அதுவே அதன் சிறப்பு. ஒலி விசாலமாகத் தோன்றும். ஆனால் வெளி இரைச்சல் தடையின்றி உள்ளே வரும். நாம் கேட்பது பக்கத்து இருக்கையருக்கும் கேட்கும்.

இந்நிலையில் பெருக்கி என்ன செய்யும்? 80 டெசிபல் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமெனில் பாட்டை 90க்கு ஏற்ற வேண்டும். பெருக்கி அதைச் செய்து கொடுக்கும். விலையைக் கொடுப்பது நம் செவி. மாறாக, செவித் துளையை நன்கு அடைக்கும் மென்முனை இயர்போன் வெளி இரைச்சலை 20 டெசிபல் குறைக்கிறது எனில், செவிக்குள் இரைச்சல் 60 ஆகிறது. பாட்டு 70 டெசிபலில் இருந்தாலே தெளிவாகக் கேட்கும். இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைப் பெருக்கியின் மூலம் 20 டெசிபல் கூட்ட வேண்டுமெனில் நூறு மடங்கு திறன் வேண்டும். அதே பயனைச் சிறிய ரப்பர் முனை ஒன்று மின்சாரமே இன்றித் தருகிறது. சாலையைக் கடக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது இதிலுள்ள ஒரே நிபந்தனை.

கம்பியில்லா இயர்போன்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் பெருக்கி உள்ளேயே அமைந்திருக்கிறது. தனிப் பெருக்கி மாட்டும் வினாவே எழாது. சிலவற்றில் எதிர் அலையை உண்டாக்கி இரைச்சலைக் குறைக்கும் வசதியும் உண்டு. பேருந்தின் உறுமல் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் அது நன்கு பயன்படும். ஆனால் உள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதனை மாற்றுவது எளிதன்று. கம்பியுள்ள ஹெட்ஃபோனுக்கு அந்த வயது வரம்பு இல்லை.

செவியின் கணக்கு

டெசிபல் கணக்கில் நாம் மறந்துவிடுவது காலம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83இல் 20 மணி. 86இல் 10 மணி. 89இல் 5 மணி. 95இல் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். 12 முதல் 35 வயது வரையுள்ளோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் உரத்த ஒலியால் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என்று அந்நிறுவனம் 2022இல் எச்சரித்தது.

இஃது எனக்கு வெறும் புள்ளிவிவரமன்று. என் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாக விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர். தறிகள் ஓடும் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. இரைச்சலால் வரும் செவிக்குறை முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தாக்கும். உயிரொலிகள் கேட்கும், ச, ஸ போன்ற மெல்லிய உரசொலிகள் நழுவிவிடும். அதனால்தான் எங்கள் வீட்டில், "அப்பாவுக்குக் காது கேட்கிறது, ஆனால் என்ன சொன்னோம் என்று புரிவதில்லை" என்று அம்மா சொல்வார்கள். அழிந்த செவி நரம்பணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அவர் அந்த இரைச்சலில் நின்றது பிழைப்புக்காக. எங்களைப் படிக்க வைப்பதற்காக. நாம் அதே டெசிபலை மூவாயிரம் ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்குவது அறிவுடைமையாகுமா? பெருக்கியின் குமிழைத் திருப்பும் ஒவ்வொருவரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பெருக்கி தேவைப்படும் இடம்

அவ்வாறாயின் பெருக்கியே வேண்டாமா எனின், அதுவும் சரியன்று. உணர்திறன் குறைந்த அல்லது ஓம் மிகுந்த நல்ல ஹெட்ஃபோன் ஏற்கனவே கையில் இருந்து, அமைதியான இடத்தில் கேட்கும் வாய்ப்பும் இருந்தால், பெருக்கி பயன்படும். 2016இல் ஐஃபோன் 7 ஹெட்ஃபோன் துளையைக் கைவிட்ட பிறகு, பல நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அத்தகைய கைபேசிகளுக்கு யு.எஸ்.பி. துளையில் மாட்டும் சிறு இணைப்பிகள் கிடைக்கின்றன. எண்ணிலக்கக் குறிகையை மின்னலையாக்கும் சுற்றும் சிறு பெருக்கியும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. கைபேசியில் துளை இல்லாதவருக்கு அதுவே முதற்பெருக்கி. தனியாக வேறொன்று வாங்கும் முன் அதன் மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

நம் துறை மாணவர்க்கு வேறொரு வழியும் உண்டு. மின்னணுவியல் செய்முறை வகுப்பில் செயல்பாட்டுப் பெருக்கியைக் கொண்டு தலைகீழாக்காப் பெருக்கி அமைக்கிறோம் அல்லவா? அதே சுற்றுதான் இங்கும். என்.இ. 5532 என்ற சில்லில் இரண்டு பெருக்கிகள் உள்ளன. இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று. இரண்டு 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து நடுப்புள்ளியைத் தரையாகக் கொள்ள வேண்டும். பின்னூட்ட மின்தடை 10 கிலோ ஓம், மற்றது 2.2 கிலோ ஓம் எனில் பெருக்கம் 1 + 10 ÷ 2.2 = ஏறத்தாழ 5.5. கைபேசியின் அரை வோல்ட் 2.7 வோல்ட் ஆகிறது. 250 ஓம் ஹெட்ஃபோனுக்குத் தேவையான 2.5 வோல்ட்டை இது தாண்டிவிடுகிறது. உச்ச மின்னோட்டம் 16 மில்லி ஆம்பியருக்குள் அடங்குகிறது.

இதே சுற்றில் 32 ஓம் இயர்போனை மாட்டினால் பயன் குறைவு. இச்சில்லு தரக்கூடிய மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் நின்றுவிடும். 32 ஓமில் அதற்குரிய உச்சம் 1.2 வோல்ட்தான். மேலும் உணர்திறன் மிகுந்த இயர்போனில், பெருக்கப்பட்ட "உஸ்" என்ற இரைச்சலே முதலில் கேட்கும். ஒரே பெருக்கி ஒரு ஹெட்ஃபோனுக்கு மருந்தாகவும் மற்றொன்றுக்குச் சுமையாகவும் அமைவதை இங்குக் காண்கிறோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. கையில் ஹெட்ஃபோன் எதுவும் இல்லாதவர், பணம் முழுவதையும் ஹெட்ஃபோனுக்கே செலவிடுக. ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது சவ்வே, பெருக்கியன்று.

2. 16 முதல் 60 ஓம் வரையும், மில்லிவாட்டுக்கு 100 டெசிபலை ஒட்டிய உணர்திறனும் உள்ளவற்றுக்குக் கைபேசியே போதும், பெருக்கி வேண்டியதில்லை.

3. இரைச்சலுள்ள இடத்தில் கேட்போர், இரைச்சலைத் தடுக்கும் ஹெட்ஃபோனை வாங்குக. பெருக்கி அங்கே தீர்வாகாது.

4. உயர் ஓம் ஹெட்ஃபோன் ஏற்கனவே உள்ளவர், கைபேசியின் மின்னழுத்தத்தை அளந்து, கணக்கிட்டு, குறை இருந்தால் மட்டும் பெருக்கி தேடுக. இயலுமாயின் தாமே செய்துகொள்க.

நான் செய்ததும் இதுவே. 32 ஓம் கொண்ட, செவியை அடைக்கும் கம்பி இயர்போன் ஒன்றை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஊருக்குச் செல்லும் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில், கைபேசியின் ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்தே வெப்ப இயக்கவியல் விரிவுரையைத் தெளிவாகக் கேட்க முடிகிறது. பெருக்கிக்கான சில்லு, மின்தடைகள், மின்கலங்கள் எல்லாம் சேர்ந்து முந்நூற்றைம்பது ரூபாயில் முடிந்தன. இரவு பத்து மணிக்கு மேல் விடுதி அடங்கிய பிறகு, அண்ணன் தந்த ஹெட்ஃபோனில் வீணை இப்போது வீணையாகவே ஒலிக்கிறது. எஞ்சிய தொகை பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு உதவியது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. செலவழிக்கும் பணத்தை அளப்பது போலவே, செவியில் போடும் ஒலியையும் அளந்து போடுவோமாக. என் கைபேசியை அளந்த சுற்று இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. தம் கைபேசியை அளந்து பார்க்க விரும்பும் நண்பர்கள், பேராசிரியரிடம் இசைவு பெற்று, செய்முறை வகுப்பு முடிந்தபின் வரலாம். பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.